ஐந்து சிவப்பு, வியாழன் பழுப்பு: இதற்கு வைத்தியம் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து எண்களுக்கு நிறம் உண்டு: 5 சிவப்பு, 7 கரும்பச்சை, 3-உம் 8-உம் இரண்டு விதமான மஞ்சள். ஆட்களின் குரலுக்கும் நிறம் வரும். எல்லாருக்கும் அப்படித்தான் என்று 30 வயது வரை நினைத்திருந்தேன். புதிதாக வந்த மேலாளர், செலவு கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை என்று கட்டங்களுக்கு நிறம் பூசிய அறிக்கையில்தான் வேலை செய்யச் சொல்கிறார். சிவப்புக் கட்டத்தில் இருந்த 6-ஐ 5 என்று எடுத்து இரண்டு மாதம் தொடர்ந்து தப்பு செய்துவிட்டேன். தடுப்பில்லாத பெரிய கூடத்தில் எல்லாரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசத் தெம்பு இருப்பதில்லை. போன வாரம் 7 வயது மகன் “வியாழக்கிழமை பழுப்பு” என்றான். தேடிப் பார்த்தால் ஆட்டிசம் என்று வருகிறது. எங்கள் இருவருக்கும் ஆட்டிசமா? இதைக் குணப்படுத்த முடியுமா? கணவரோ எல்லாம் என் கற்பனை என்கிறார்.

பதில்: உங்களுக்கு இருப்பதன் பெயர் சினெஸ்தீசியா. தமிழில் புலனிணைவு என்று சொல்லலாம்: எண், ஒலி, கிழமை போன்ற ஒன்றை உணரும்போது நிறம் போன்ற இன்னொன்றும் தானாகக் கூடவே வருவது. நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே அதன் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து இருக்கிறது, நினைத்துப் பார்க்காமலே வருகிறது, ஓர் எண்ணுக்கு ஒரே நிறம்தான் வருகிறது. மனநோய்களைப் பட்டியலிடும் டிஎஸ்எம்-5 கையேட்டிலும் இதற்கு இடமில்லை, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலிலும் இல்லை. நோயென்று யாரும் வகைப்படுத்தாததால் மருந்தும் கிடையாது. தேவையும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. எண்ணுக்கு நிறம் வருவது ஒன்று. பூசிய நிறம் அதோடு மோதுவது இன்னொன்று. சாயங்காலம் தெம்பு வற்றிப்போவது மூன்றாவது. முதலாவதால் உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. மற்ற இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். மூன்றையும் ஒரே பெயரில் கட்டிவைப்பதால்தான் பயம் வருகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. 1812-லேயே கேயோர்க் ஸாக்ஸ் என்ற மருத்துவர் தன் ஆய்வேட்டில், எழுத்துகளும் எண்களும் தனக்கு நிறத்தோடு தோன்றுவதை எழுதிவைத்தார். ஜூலியா சிம்னர் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு வகைப் புலனிணைவு உள்ளவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்று மேல். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சமம். அதில் மிகப் பரவலாக இருந்தது, உங்கள் மகன் சொன்னது போல, கிழமைகளுக்கு நிறம் இருப்பதுதான். காரணத்தைப் பற்றி இரண்டு விளக்கங்கள் உண்டு. மூளையின் அடிப்பக்கத்தில் ஃபியூசிஃபார்ம் என்ற மடிப்பில், எண்ணின் வடிவத்தை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் வி4 பகுதியும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி இருக்கின்றன; ஒன்று விழித்தால் மற்றதும் விழிக்கிறது என்றார்கள் மூளை ஆய்வாளர்கள் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும், 2001-இல். எல்லார் மூளையிலும் இருக்கும் பின்னோக்கிய இணைப்புகள் சிலருக்கு மட்டும் அடக்கப்படாமல் திறந்திருக்கின்றன என்பது மற்றது. எது சரி என்ற வாதம் நடக்கட்டும். உங்கள் வேலைக்கு இரண்டும் ஒரே பதிலைத்தான் தருகின்றன: நிறம் தானாக வருகிறது, மன உறுதியால் அதை நிறுத்த முடியாது.

அதனால்தான் 6, 5 ஆனது. கட்டத்தின் சிவப்பு கண்ணில் பட்டவுடன் உங்கள் மூளை “5” என்று பாதி சொல்லிவிடுகிறது. அச்சில் இருக்கும் வடிவம் 6 என்கிறது. இந்தச் சண்டை தீர ஒரு நொடியின் சிறு பங்கு ஆகும். நிதானமாக இருந்தால் வடிவம் ஜெயிக்கும். மாதக் கடைசி அவசரத்தில் நிறம் ஜெயித்துவிடும். எண்ணுக்கு ஒவ்வாத நிறத்தில் அச்சிட்டால் புலனிணைவு உள்ளவர்களுக்கு வேகம் குறைவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்ததுதான். கவனக்குறைவு என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். அதே எக்செல் கோப்பில் நிறமே இல்லாத ஒரு ஷீட்டைச் சேருங்கள். வெள்ளைக் கட்டம், கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். எண்களை இதில் மட்டும் ஏற்றுங்கள், இதில் மட்டும் சரிபாருங்கள். மேலாளரின் நிறம் பூசிய ஷீட்டில், எண் இருக்க வேண்டிய ஒவ்வொரு கட்டத்திலும் ஈக்குவல் குறி போட்டு உங்கள் ஷீட்டின் அதே கட்டத்தைச் சுட்டிவிடுங்கள். எண் போகும், சிவப்பும் பச்சையும் அங்கேயே தானாக விழும், உங்கள் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். ஒவ்வொரு மாதமும் நிறத்தை நீக்கி மறுபடி பூசும் வேலை இல்லை. வேறு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது “பேஸ்ட் வேல்யூஸ்” மட்டும் பயன்படுத்துங்கள். சாதாரணமாக ஒட்டினால் அங்கிருக்கும் நிறமும் கூடவே ஏறி வந்துவிடும். இந்த ஏற்பாடு கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எண்களுக்கு உங்கள் நிறத்தையே பூசிக்கொள்ளலாமே என்று தோன்றும். வேண்டாம். நேரம் தின்னும், மற்றவர்கள் அந்தக் கோப்பைத் திறந்தால் குழம்புவார்கள், உங்களுக்கும் பெரிதாக லாபம் இல்லை. கறுப்பில் இருந்தாலே உங்களுக்கு நிறம் வந்துவிடுகிறதே.

இதில் கணக்குக்காரர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று இருக்கிறது. நிறத்தால் எண்ணை நினைவில் வைக்கிறவர்கள் “அந்தத் தொகை சிவப்பும் பச்சையுமாக இருந்தது” என்று நம்பிக்கையோடு சொல்வார்கள். 57-உம் சிவப்பு-பச்சைதான், 75-உம் சிவப்பு-பச்சைதான். எந்த இலக்கங்கள் என்பதை நிறம் காப்பாற்றும், எந்த வரிசையில் என்பதைப் பல சமயம் காப்பாற்றாது. எனவே கூட்டுத்தொகை ஒட்டவில்லை என்றால், வித்தியாசத்தை முதலில் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். 75-க்கும் 57-க்கும் வித்தியாசம் 18. மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். அடுத்து, உங்களுக்கு 3-உம் 8-உம் மஞ்சள். நிறம் நெருங்கிய ஜோடிகள்தான் ஒன்றுக்கொன்று வேஷம் போடும். இந்த இரண்டுக்கும் வடிவமும் வேறு நெருக்கம். இப்படி உங்களுக்கு எத்தனை ஜோடி இருக்கிறது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவைத்து, கடைசிச் சரிபார்ப்பில் அவற்றை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். வாயால் சொல்லும்போது வடிவத்தைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது.

மேலாளரிடம் புலனிணைவு என்ற சொல்லை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. “நிறம் பூசிய கட்டத்தில் நான் எண்ணைத் தவறாக வாசிக்கிறேன். வெள்ளை ஷீட்டில் வேலை செய்து, நீங்கள் கேட்கும் நிறத்தோடே அனுப்புகிறேன். அறிக்கையின் வடிவம் மாறாது.” இவ்வளவு சொன்னால் போதும்.

இனி சாயங்காலம். உங்களுக்கு நான் சொல்ல நினைக்கிற முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. நிறம் பொதுவாக ஆளைக் களைப்பாக்குவதில்லை. ஆனால் புலனிணைவு உள்ளவர்களில் பலருக்கு அதோடு கூடவே இன்னொன்று இருக்கிறது: ஒலி, ஒளி, மணம், தொடுதல் ஆகியவை மற்றவர்களைவிட அழுத்தமாக உறைப்பது. ஜேமி வார்ட் முதலானோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் புலன் கூர்மைதான் புலனிணைவுக்கும் ஆட்டிசத்துக்கும் பொதுவாக இருக்கும் இழை என்று காட்டியது. உங்களை வறள வைப்பது பெரும்பாலும் அந்தக் கூர்மை. அத்துடன் குரலுக்கு நிறம் வேறு வருவதால், ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும் கூடம் உங்களுக்கு இரட்டை வேலை.

அனுமானத்தில் நிற்காமல் இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். காலை 11, பகல் 2, மாலை 5 என மூன்று வேளை, ஒரு வேளைக்கு ஒரு வரி: எங்கே உட்கார்ந்திருந்தேன், எத்தனை பேர் பேசினார்கள், எந்த ஒலி அதிகம், சோர்வு 0-லிருந்து 10-க்குள் எவ்வளவு, முந்தைய இரவு எத்தனை மணி நேரத் தூக்கம். பலருக்கு இதில் வியப்பான பதில் வரும். கூட்டம்தான் காரணம் என்று நினைத்திருப்பார்கள்; முதுகுக்குப் பின்னால் ஆட்கள் நடக்கும் வழியோ, தலைக்கு மேலே ரீங்கரிக்கும் விளக்கோ காரணமாக இருக்கும். அப்படியென்றால் சுவருக்கு முதுகு காட்டும் மேசை ஒன்றைக் கேட்டு வாங்கினாலே பாதிப் பாரம் குறையும். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நாலைந்தைச் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாது.

காதடைப்பான் வாங்கினால் பஞ்சுரக நுரை வேண்டாம். அது உயர்ந்த ஒலிகளைத்தான் அதிகமாக விழுங்கும், பேச்சு மந்தமாகக் கேட்கும். இசைக்கலைஞர்கள் பயன்படுத்தும் வடிகட்டி ரகம் எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாக 15 முதல் 20 டெசிபல் வரை குறைக்கும். எதிரே பேசுபவர் தெளிவாகவே கேட்பார். ஆனால் நாள் முழுக்க மாட்டிக்கொண்டு இருக்காதீர்கள். காதுக்கு நீண்ட நேரம் ஒலி குறைந்தால் மூளை உள்ளே வால்யூமை ஏற்றிக்கொள்ளும். கழற்றியதும் முன்பைவிட அதிகமாக இரையும். சத்தம் உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மட்டும் போதும். ஹெட்போனில் பாட்டு கேட்பது மற்றவர்களுக்கு ஓய்வாக இருக்கலாம். ஒலிக்கு நிறம் வருகிறவருக்குப் பாட்டும் ஒரு காட்சி. அது ஓய்வாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்ற இறக்கம் இல்லாத மழை ஓசை, விசிறி ஓசை பெரும்பாலும் நிறத்தைக் குறைவாகக் கிளப்பும்.

இடைவேளையை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தலை கனத்த பிறகு எடுக்கும் அரை மணி நேரத்தைவிட, கனக்கும் முன் எடுக்கும் பத்து நிமிடம் மேல். உங்கள் குறிப்பில் சோர்வு 4-லிருந்து 6-க்குத் தாவும் வேளை எது என்று தெரிந்துவிடும். அதற்கு அரை மணி முன்பாகவே எழுந்து, பேச்சில்லாத ஓர் இடத்தில், செல்போனையும் பார்க்காமல் இருந்துவிட்டு வாருங்கள்.

இப்போது ஆட்டிசம். இரண்டுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. சைமன் பாரன்-கோஹன் குழுவின் 2013 ஆய்வில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் 18.9 சதவீதம் பேருக்குப் புலனிணைவு இருந்தது, மற்றவர்களில் 7.2 சதவீதம். (அவரவர் சொன்னதை வைத்து எடுத்த கணக்கு என்பதால் இரண்டுமே சற்றுத் தூக்கலாக இருக்கலாம்.) இணையத்தில் நீங்கள் படித்ததற்கு வேர் இப்படிப்பட்ட எண்கள்தான். ஆனால் அதைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. நீங்கள் கணக்குத் தெரிந்தவர், போட்டுப் பாருங்கள். ஆட்டிசம் நூறில் ஒருவருக்கு என்று வைத்துக்கொண்டு ஆயிரம் பேரை எடுத்தால், ஆட்டிசம் உள்ளவர் 10 பேர். அவர்களில் புலனிணைவு உள்ளவர் 2. மீதி 990 பேரில் 71. ஆக, புலனிணைவு உள்ள 73 பேரில் ஆட்டிசம் உள்ளவர் இரண்டே பேர். தோராயக் கணக்குதான், ஆனால் திசை தெளிவு.

எனவே நிறம் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று சொல்ல முடியாது. சாயங்காலச் சோர்வும் தனியாகப் போதாது. ஒற்றைத் தலைவலி, பதற்றக் கோளாறு, ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவுமீறிய துறுதுறுப்பு), தூக்கக் குறைவு, காது சம்பந்தமான கோளாறு எல்லாமே அப்படிச் செய்யும். சிறு வயதிலிருந்தே மற்றவர்களின் சாடைப் பேச்சும் முகக்குறிப்பும் பிடிபடாமல் இருந்ததா? நட்பை உண்டாக்கவும் தக்கவைக்கவும் மனதுக்குள் வசனம் எழுதி ஒப்பிக்க வேண்டியிருந்ததா? வழக்கம் மாறினால் நிலைகுலைந்தீர்களா? ஒன்றிரண்டு விஷயங்களில் மட்டும் மற்றதெல்லாம் மறக்கும் அளவு மூழ்குவீர்களா? இவற்றுக்கும் ஆம் என்றால் பெரியவர்களுக்கு ஆட்டிச மதிப்பீடு செய்யும் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ போகலாம். உங்களைக் குழந்தையாகப் பார்த்த ஒருவரை, அம்மாவோ அத்தையோ, கூட அழைத்துப் போங்கள். குழந்தைப் பருவத்தைக் கேட்காமல், பத்துக் கேள்விப் படிவம் ஒன்றை நிரப்ப வைத்து முடிவு சொன்னால் அதை முடிவாக எடுக்க வேண்டாம்.

நியூரோடைவர்சிட்டி, அதாவது நரம்பியல் பன்மை என்ற சொல்லும் உங்கள் தேடலில் வந்திருக்கும். 1990-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. சமூகவியலாளர் ஜூடி சிங்கரின் எழுத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். மூளைகள் பல விதம், எல்லா வேறுபாடும் பழுது ஆகிவிடாது என்பது அதன் சாரம். ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா (எழுத்து வாசிப்பில் வரும் தடுமாற்றம்) உள்ளவர்கள் உரிமைக்காகக் கையில் எடுத்த சொல். புலனிணைவுக்கு அந்தக் குடையில் தாராளமாக இடமுண்டு. நோயாகாத வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஆனால் குடைக்குள் நிற்கும் எல்லாருக்கும் ஒரே மழை பெய்வதில்லை. பேச முடியாத ஓர் ஆட்டிசச் சிறுவனின் தேவையும் உங்கள் தேவையும் ஒன்றல்ல. அதேபோல ‘வரம்’, ‘அபூர்வ சக்தி’ என்று புகழ்கிறவர்களையும் நம்பிவிடாதீர்கள். டேனியல் டாமெட் 2004-இல் பை மதிப்பின் 22,514 இலக்கங்களை ஒப்பித்தார்; அவருக்கு ஆட்டிசமும் உண்டு, புலனிணைவும் உண்டு. அவர் அவர்தான். மற்றவர்களுக்குப் புலனிணைவால் நினைவாற்றல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மலைக்கும்படி இருக்காது.

மகன் விஷயத்தில் இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு நோட்டில் தேதி போட்டு அவன் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைப்பது மட்டும். சோதிக்காதீர்கள். குழந்தைகளுக்கு இது ஒரே நாளில் குடியேறுவதில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், 6-7 வயதில் எழுத்து, எண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் நிறம் உறுதிப்பட்டிருந்தது; 10-11 வயதில் அது பத்தில் ஏழு பங்கானது. ஆகவே இன்று பழுப்பாக இருந்த வியாழன் அடுத்த மாதம் வேறானால் அவன் பொய் சொன்னதாக அர்த்தமில்லை. ‘வெள்ளி என்ன நிறம், சனி என்ன நிறம்’ என்று அடுக்கிக் கேட்டால், அம்மாவுக்குப் பிடிக்கிறதே என்று இல்லாததையும் சொல்வான். இன்னொன்று, வாய் துறுதுறுத்தாலும் ‘வியாழன் நீலம்தானே’ என்று திருத்தாதீர்கள். இது குடும்பங்களில் ஓடும், ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் நிறங்கள் ஒத்துப்போக வேண்டியதில்லை. வகையே வேறாகவும் இருக்கும்.

பள்ளியில் எண்களை நிறக் கட்டைகளாலோ நிறக் குச்சிகளாலோ சொல்லிக்கொடுத்தால் மட்டும் கவனியுங்கள். 3-க்கான குச்சி பச்சையாக இருந்து, அவன் 3 நீலமாக இருந்தால், உங்கள் சிவப்புக் கட்டக் கதைதான். சில பிள்ளைகள் எண்ணைக் கூட்டுவதற்குப் பதில் நிறத்தைக் கலந்துவிடும்: 2 சிவப்பு, 4 மஞ்சள், விடை ஆரஞ்சு நிறத்து எண்ணாக எழுதப்பட்டிருக்கும். விடை தப்பாகும்போது ‘எப்படிப் போட்டாய்’ என்று கேட்கும்படியும், ஒரே நிறக் கட்டைகள் கொடுக்கும்படியும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். மகனிடம், “உனக்கு வருவது நிஜம், எல்லாருக்கும் வராது, வராதவர்கள் உன்னைக் கேலி செய்தால் அது அவர்களுக்குத் தெரியாததால்” என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். பேச்சுத் தாமதம், துணி லேபிளோ சத்தமோ தாங்காமல் அழுவது, சக பிள்ளைகளோடு ஒட்டாமை இருந்தால், நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குழந்தை வளர்ச்சி நிபுணரைப் பாருங்கள்.

நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டிய சூழ்நிலைகளும் உண்டு. வளர்ந்த பிறகு திடீரென முதன்முறையாக வருவது; தலையில் அடிபட்ட பின்போ பார்வை மங்கும்போதோ வருவது; ஒரு பக்கம் மட்டும் தெரிவது; சில நொடிகள் நினைவு தப்புவதோடு வருவது. வலிப்பு, ஒற்றைத் தலைவலி, பக்கவாதம், பார்வை நரம்புக் கோளாறு இவற்றில் இப்படி நடக்கும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. வேறு எதற்காகவாவது மருத்துவரைப் பார்க்கும்போது இந்தப் பேச்சு வந்தால், “எண்ணைப் பார்த்தால் நிறம் வருகிறது, சிறு வயதிலிருந்து மாறவில்லை, அது காகிதத்தில் இல்லை என்று எனக்குத் தெரியும்” என்று முழுதாகச் சொல்லுங்கள். ‘இல்லாத நிறம் தெரிகிறது’ என்று பாதியில் நிறுத்தினால் மாயத்தோற்றம் என்று குறித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது.

கணவருக்கு ஒரு சோதனை. 0 முதல் 9 வரை எண்கள், ஏழு கிழமைகள், பிறகு எழுத்துகள். தமிழில் 247-ஐயும் எடுத்தால் பாதியில் சலித்துவிடும். 12 உயிரும் 18 மெய்யும் போதும். கணினியில் நிறச் சக்கரத்தைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் சரியான சாயலைத் தேர்ந்து அதன் குறியீட்டை எழுதுங்கள். ‘பச்சை’ என்று பெயரால் எழுதினால் ஐம்பது பச்சைகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இரவு நேர மஞ்சள் திரை வசதியை அணைத்துவிடுங்கள். கணவரும் அதே பட்டியலுக்குத் தன் இஷ்டத்துக்கு நிறம் சொல்லட்டும், நினைவில் வைக்க முயற்சியும் செய்யட்டும். இரண்டு தாளையும் உறையில் போட்டு ஒட்டி, ஆறு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாத ஒரு நாளில், வரிசையைக் கலைத்துப் போட்டு இருவரும் மறுபடி எழுதி, பழைய தாளோடு ஒப்பிடுங்கள். புலனிணைவு உள்ளவரின் நிறங்கள் ஏறக்குறைய அப்படியே திரும்பும், இஷ்டத்துக்குச் சொன்னவரின் நிறங்கள் பெரும்பாலும் மாறிவிடும். டேவிட் ஈகிள்மன் 2007-இல் உருவாக்கிய கணினிச் சோதனையும் இதே தத்துவம்தான்: ஒவ்வொரு எழுத்தும் மூன்று முறை கலைந்து வரும், தேர்ந்த நிறங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, 1-க்குக் கீழே இருந்தால் புலனிணைவு என்று கொள்ளும். உண்மையாகவே புலனிணைவு உள்ளவர்களும் இதில் தோற்க ஒரு காரணம் உண்டு: சில எழுத்துகளுக்கு அவர்களிடம் நிறமே இருக்காது, காலியாக விட மனம் வராமல் எதையாவது போட்டுவிடுவார்கள். உங்களுக்கு ‘ஞ’வோ ‘ங’வோ நிறமில்லாமல் வந்தால் நிறமில்லை என்றே எழுதுங்கள்.